எம்பாப்பேயை 2021இலேயே விற்றிருக்க வேண்டும்

கேள்வி இதுதான். கால்பந்தில், அணியிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் நட்சத்திர வீரருக்கு நல்ல விலை வந்தால் கழகம் விற்றுவிட வேண்டுமா, எப்பாடுபட்டாவது வைத்துக்கொள்ள வேண்டுமா? கேட்டவர் பிரெஞ்சு வீரர் கிலியன் எம்பாப்பேயை முன்வைத்துக் கேட்டிருக்கிறார். 2021இல் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கொடுக்க வந்த பெருந்தொகையை அப்போதைய அவருடைய கழகமான பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் மறுத்தது. 2024இல் அதே மாட்ரிட்டுக்கு அவர் விலையே இல்லாமல் போனார். அதற்கு அடுத்த ஆண்டு பாரிஸ் அணி ஐரோப்பியக் கழகங்களின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றது. அப்படியென்றால் மறுத்தது சரியா, தவறா?

தவறு என்பதே என் பதில். கோப்பை வந்துவிட்டதால் அந்தத் தவறு இல்லாமல் போய்விடவில்லை. அதைத் தாங்கும் பணம் பாரிஸ் கழகத்திடம் இருந்தது, அவ்வளவுதான். வேறெந்தக் கழகமும் அதைப் பார்த்துப் பாடம் கற்றுக்கொண்டால் கெட்டுப்போகும். ஆனால் 'நல்ல விலை வந்தால் விற்றுவிடு' என்பதும் என் பதில் இல்லை. விற்றுக் கெட்டவர்களும் உண்டு, விற்காமல் கெட்டவர்களும் உண்டு. இருவரையும் பிரிப்பது விலையின் அளவு அல்ல. ஒப்பந்தத்தில் எவ்வளவு காலம் மிச்சமிருந்தது, அந்தப் பணத்தைக் கொண்டு யாரை வாங்குவது என்று விற்பதற்கு முன்பே கழகத்துக்குத் தெரிந்திருந்ததா, இந்த இரண்டும்தான்.

முதலில் ஒப்பந்தக் காலம். 1995 டிசம்பரில் பெல்ஜிய வீரர் ழான் மார்க் போஸ்மான் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புதான் இன்றைய கால்பந்துச் சந்தைக்கே அடித்தளம். ஒப்பந்தம் முடிந்த வீரர் எங்கு வேண்டுமானாலும் போகலாம், பழைய கழகம் ஒரு பைசா கேட்க முடியாது. முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வெளிநாட்டுக் கழகத்தோடு அவர் கையெழுத்தும் போட்டுவிடலாம். ஆகவே ஒரு நட்சத்திரத்தின் விலை அவருடைய திறமையை மட்டும் பொறுத்ததல்ல. மூன்று ஆண்டு மிச்சமிருக்கும்போது கழகம் சொல்வதுதான் விலை. ஒரே ஆண்டு மிச்சமிருந்தால், 'ஒரு வருஷம் பொறுத்தால் இலவசமாகவே வருவார்' என்று வாங்க வருபவர் சொல்லிவிடலாம்.

அமெரிக்க விளையாட்டுகளைப் பார்த்துப் பழகியவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே பெரும்பாலான வீரர்களை அவர்களிடம் கேட்காமலே ஒரு அணி இன்னொரு அணிக்கு மாற்றிக் கொடுத்துவிட முடியும். ஐரோப்பியக் கால்பந்தில் அது நடக்காது. போகிற இடத்தில் புதிய ஒப்பந்தத்தில் வீரரே கையெழுத்திட வேண்டும். அவர் மாட்டேன் என்றால் பேரம் அங்கேயே முடிந்தது.

இப்போது எம்பாப்பேயின் கதையை வரிசையாகப் பார்க்கலாம். 2021 கோடையில் அவருடைய ஒப்பந்தம் முடிய ஓராண்டுகூட இல்லை. போக விரும்புவதை ஜூலை மாதமே கழகத்திடம் தெரிவித்துவிட்டதாகப் பின்னர் அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஆகஸ்ட் கடைசியில் மாட்ரிட் முதலில் 16 கோடி யூரோ கொடுக்க வந்தது, பிறகு அதை 18 கோடி வரை உயர்த்தியதாகச் செய்திகள் வந்தன. பத்தே மாதத்தில் இலவசமாகக் கிடைக்கப்போகிற வீரருக்கு அந்த விலை! கால்பந்து வரலாற்றில் இவ்வளவு குறைந்த ஒப்பந்தக் காலத்துக்கு இவ்வளவு பெரிய தொகையை யாரும் நீட்டியதாக எனக்குத் தெரியவில்லை. கழகம் மறுத்தது. அந்த மாதம்தான் மெஸ்ஸி பாரிஸுக்கு வந்திருந்தார், நெய்மரும் அங்கேயே இருந்தார். மூவரையும் ஒன்றாக ஆட வைத்தால் சாம்பியன்ஸ் லீக் கைக்கு வந்துவிடும் என்று நம்பினார்கள். அந்தப் பருவத்தில் கடைசி 16 அணிகள் சுற்றிலேயே வெளியேறினார்கள், அதுவும் மாட்ரிட்டிடம். அடுத்த பருவத்திலும் அதே சுற்றில் பயர்ன் மியூனிக்கிடம் தோற்றார்கள்.

2022 மே மாதம் எம்பாப்பே மனம் மாறிப் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது பாரிஸில் கொண்டாட்டம். ஆனால் அந்த ஒப்பந்தத்தைப் படித்தவர்களுக்குக் கவலைதான் வந்திருக்க வேண்டும். உறுதியான காலம் இரண்டே ஆண்டுகள், 2024 வரை. மூன்றாவது ஆண்டு வேண்டுமா என்பதை முடிவு செய்யும் உரிமை வீரரிடம். இவ்வளவு சம்பளத்தையும் கொடுத்து, காலத்தையும் அவர் கையிலேயே கொடுத்தார்கள். 2021இல் பணத்தை மறுத்ததைவிட இதுதான் பெரிய பிழை என்று நான் நினைக்கிறேன். 2023 ஜூனில், மூன்றாம் ஆண்டு வேண்டாம் என்று அவர் கடிதம் எழுதினார். கழகம் பதறியது. ஜப்பான் பயணத்துக்கு அவரை அழைத்துப் போகவில்லை. சவுதியின் அல் ஹிலால் 30 கோடி யூரோ கொடுக்க வந்தது, பேசிக்கொள்ளலாம் என்று பாரிஸ் அனுமதியும் கொடுத்தது. எம்பாப்பே அவர்களைச் சந்திக்கவே மறுத்தார். நெய்மருக்குப் பாரிஸ் கொடுத்த 22.2 கோடி யூரோவையும் மிஞ்சும் உலகச் சாதனை விலை, வீரரின் ஒரு 'முடியாது' முன் காற்றில் போயிற்று. லீக்கின் முதல் ஆட்டத்தில் லோரியான் அணியோடு கோலின்றி டிரா செய்த பிறகு அவரைத் திரும்ப அணியில் சேர்த்துக்கொண்டார்கள். 2024 கோடையில் அவர் போனார், 256 கோல் என்ற கழகச் சாதனையோடு. சம்பள பாக்கி தொடர்பான வழக்கில் 2025 டிசம்பரில் பாரிஸ் தொழிலாளர் நீதிமன்றம் ஏறத்தாழ 6 கோடி யூரோ அவருக்குக் கொடுக்கும்படி கழகத்துக்கு உத்தரவிட்டது. விற்றிருந்தால் வந்திருக்கும் பணம் வராததோடு, கையிலிருந்தும் போகிற நிலை.

'ஆனால் அவர் போன பிறகுதானே கோப்பை வந்தது?' ஆம். 2025 மே 31 அன்று மியூனிக்கில் இன்டர் மிலானை 5-0 என்று நொறுக்கிய அந்த அணியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது. இன்டரின் கோல்கீப்பர் கோல்கிக் எடுக்கும் ஒவ்வொரு முறையும் பெனால்டி பகுதியின் விளிம்பில் குனிந்து நின்று, பாயத் தயாராக அவரையே முறைத்துக்கொண்டிருந்த உஸ்மான் டெம்பெலேயை மறக்க முடியுமா? முன்வரிசை வீரர்தான் முதல் தடுப்பாட்டக்காரர் என்று பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே கட்டிய அணி அது. பந்தை இழந்த பிறகு துரத்தி ஓடுவது எம்பாப்பேயின் பழக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை. அவர் இருந்தவரை மீதி ஒன்பது பேர் அவருக்காகவும் சேர்த்து ஓட வேண்டியிருந்தது. சம்பளப் பட்டியலில் தெரியாத செலவு இது. நட்சத்திரத்தின் விலையைக் கணக்கிடும்போது பெரும்பாலோர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஆனாலும் அந்த அணி எப்படிக் கட்டப்பட்டது என்று பாருங்கள். ஜோவா நெவெஸ், டெசிரே டுவே, வில்லியன் பாச்சோ ஆகியோர் எம்பாப்பே இலவசமாகப் போன அதே கோடையில் வந்தவர்கள். அடுத்த ஜனவரியில் நாப்போலியிலிருந்து குவிச்சா குவரட்ஸ்கேலியா வந்தார். எல்லாமே பெரிய தொகைகள். 2011 முதல் கத்தார் அரசு நிதியின் கையில் இருக்கும் கழகம் என்பதால், வர வேண்டிய 18 கோடி வராமலே இவ்வளவையும் வாங்க முடிந்தது. நட்சத்திரத்தை இலவசமாக இழந்துவிட்டு இப்படி நான்கு பேரை வாங்க ஜெர்மனியின் டார்ட்மண்ட் கழகத்தால் முடியுமா? இத்தாலியின் ரோமா கழகத்தால் முடியுமா? அவர் இல்லாமல் அணி மேம்பட்டது என்பது அவரை விற்றிருக்க வேண்டும் என்பதற்குத்தான் சாட்சி.

பணம் வந்தால் மட்டும் போதுமா என்றால், லண்டன் கழகமான டாட்டன்ஹாமைக் கேட்க வேண்டும். 2012-13 பருவத்தில் அதன் நட்சத்திரம் கேரத் பேல் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் 21 கோல் போட்டார். 2013 செப்டம்பர் 1 அன்று ரியல் மாட்ரிட் அவரை ஏறத்தாழ 10 கோடி யூரோவுக்கு வாங்கியது, அன்றைக்கு உலகச் சாதனை. டாட்டன்ஹாம் அந்தப் பணத்தையும் அதற்கு மேலும் போட்டு ஒரே கோடையில் ஏழு பேரை வாங்கியது: சொல்டாடோ, பவுலின்யோ, லமேலா, எரிக்சன், சாட்லி, கபூ, கிரிக்கெஷ். ஏழு பேரும் இங்கிலாந்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். ஒருவரோடு ஒருவர் ஆடிப் பழகாதவர்கள், அந்த லீக்கின் வேகத்தையும் அறியாதவர்கள். முந்தைய பருவத்தில் 66 கோல் அடித்த அணி அந்தப் பருவத்தில் 55தான் அடித்தது. பெரிய விலைக்கு வந்த சொல்டாடோ லீக்கில் போட்டது 6 கோல், அதிலும் பாதிக்கு மேல் பெனால்டி. டிசம்பரில் சொந்த மைதானத்தில் லிவர்பூலிடம் 0-5 என்று தோற்றதும் பயிற்சியாளர் வில்லாஸ் போவாஸின் வேலை போயிற்று. அந்த ஏழு பேரில் நின்று நிலைத்து அணியை உயர்த்தியவர் எரிக்சன். அவருக்குக் கொடுத்தது சுமார் 1.1 கோடி பவுண்டுதான்.

பேலை விற்றது பிழையல்ல. அவர் போக வேண்டும் என்றிருந்தார், விலையும் நியாயமானது. அணிக்கு எது தேவை என்று முடிவு செய்யாமல் ஏழு பேரை வாரிப்போட்டதுதான் பிழை. ஒரு பெரிய மரத்தை வெட்டிய இடத்தில் ஏழு வகைக் கன்றுகளை நட்டால் எந்தக் கன்றுக்கும் வெயில் போதாது.

இதற்கு நேரெதிர் லிவர்பூல். 2013 ஜனவரியில் 85 லட்சம் பவுண்டுக்கு இன்டரிலிருந்து வாங்கிய பிலிப்பே கூட்டினியோவை 2018 ஜனவரியில் பார்சிலோனாவுக்கு விற்றது. உறுதித் தொகையும் நிபந்தனைத் தொகைகளும் சேர்ந்து 14.2 கோடி பவுண்டு வரை என்று சொல்லப்பட்டது. இந்த விற்பனையில் பலரும் கவனிக்காத பகுதி 2017 கோடையில் நடந்தது. நெய்மரைப் பாரிஸிடம் இழந்த பார்சிலோனா கையில் பெரும்பணத்தோடு அப்போதே வந்தது. கூட்டினியோவும் தன்னை விடுவிக்கும்படி எழுதிக் கேட்டார். லிவர்பூல் விற்பதற்கில்லை என்று அறிக்கையே விட்டது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் அவர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார், ஆகவே காலம் கழகத்தின் பக்கம் இருந்தது. அவர்கள் விரும்பிய தடுப்பாட்டக்காரர் வான் டைக்கும் அந்தக் கோடையில் கிடைக்கவில்லை. அரைப் பருவம் காத்திருந்தார்கள். டிசம்பர் கடைசியில் 7.5 கோடி பவுண்டுக்கு வான் டைக் உறுதியான பிறகுதான் கூட்டினியோவை விட்டார்கள். அடுத்த கோடையில் கோல்கீப்பர் அலிசன் வந்தார். முன்வரிசையில் சாலா, மானே, பிர்மினோ மூவரும் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்ததால், கோல் போடும் ஆளை விற்று கோலைக் காப்பவர்களை வாங்கும் துணிச்சல் வந்தது. 2018இலும் 2019இலும் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், இரண்டாவதில் கோப்பை. 2020இல் முப்பது ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு லீக் பட்டம்.

2019 அரையிறுதியில் பார்சிலோனாவைத் தன் மைதானமான ஆன்பீல்டில் லிவர்பூல் 4-0 என்று வீழ்த்திய இரவில் எதிரணிச் சீருடையில் ஆடியவர் கூட்டினியோ. வாங்கியவர் நிலை என்ன என்பதை அந்த ஒரு ஆட்டமே சொல்லிவிடும். நெய்மர் பணத்தை அவசரமாக டெம்பெலே மீதும் கூட்டினியோ மீதும் கொட்டி, 2019இல் கிரீஸ்மானுக்கு 12 கோடி யூரோ கொடுத்து, மெஸ்ஸிக்கு 2017இல் போட்ட நான்காண்டு ஒப்பந்தத்தில் 55 கோடி யூரோவுக்கு மேல் போகக்கூடிய தொகையை ஒப்புக்கொண்டிருந்தது பார்சிலோனா. 2021 ஆகஸ்டில் தலைவர் லபோர்ட்டா கணக்கை வெளியிட்டபோது கடன் 135 கோடி யூரோ, சம்பளச் செலவு மொத்த வருமானத்தில் 103 சதவீதம். மெஸ்ஸி தங்க விரும்பினார், கழகமும் விரும்பியது. ஆனால் ஸ்பெயின் லீக்கான லா லிகாவின் சம்பள உச்சவரம்புக்குள் அவரைப் பதிவு செய்ய வழியே இல்லை. உலகின் மிகச் சிறந்த வீரர் கண்ணீரோடு இலவசமாக வெளியேறினார். அதற்கு ஓராண்டு முன்பு, 2020 ஆகஸ்டில், அவரே போகிறேன் என்று எழுதிக் கொடுத்தபோது ஒப்பந்தத்தை முறிக்கக் கட்ட வேண்டிய 70 கோடி யூரோ விடுவிப்புத் தொகையைக் காட்டித் தடுத்திருந்தார்கள். மெஸ்ஸியைப் போன்ற ஒருவரை விற்கச் சொல்ல எனக்கே நாக்கு எழவில்லை. அங்கே பிழை மெஸ்ஸிக்குக் கொடுத்த சம்பளம்கூட அல்ல, அவரைச் சுற்றி மற்றவர்களுக்கும் அதே தாராளத்தோடு கொடுத்ததுதான்.

சம்பளம் தொற்றக்கூடியது. இதற்கு ஆர்சனலைப் போல் தெளிவான சான்று இல்லை. 2016-17இல் லீக்கில் 24 கோல் போட்ட அலெக்சிஸ் சான்செஸுக்கு 2017 கோடையில் ஒப்பந்தம் ஓராண்டே மிச்சம். வீரர்களை வாங்கும் காலத்தின் கடைசி நாளில் மான்செஸ்டர் சிட்டி 6 கோடி பவுண்டு கொடுக்கத் தயாராக வந்தது. பதிலுக்கு மொனாக்கோவின் லெமாரை வாங்க முயன்ற ஆர்சனலுக்கு அவர் கிடைக்கவில்லை, பேரம் கலைந்தது. ஐந்து மாதம் கழித்து மான்செஸ்டர் யுனைடெட்டின் மெக்கிதாரியனோடு ஆளுக்கு ஆள் மாற்றம். கையில் ஒரு பவுண்டும் வரவில்லை. சான்செஸைப் போலவே இன்னொரு நட்சத்திரமான ஓசிலையும் இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் அடுத்த சில நாட்களில் அவருக்கு வாரம் 3.5 லட்சம் பவுண்டு என்று செய்திகள் சொன்ன ஒப்பந்தத்தைக் கொடுத்தார்கள். அச்சத்தில் போட்ட கையெழுத்து அது. 2020 அக்டோபரில் லீக் ஆட்டங்களுக்கான பட்டியலிலேயே ஓசிலின் பெயர் இல்லை. சம்பளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. மாற்றத்தில் வென்றதாக நினைத்த யுனைடெட்டின் கதி இன்னும் மோசம். சான்செஸ் அங்கே 45 ஆட்டங்களில் 5 கோல் போட்டார். அந்தச் சம்பளத்துக்கு அவரை வாங்க யாருமில்லாததால், முதலில் தற்காலிக இரவலாகவும் பிறகு இலவசமாகவும் இன்டருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. விலை கொடுக்காமல் வாங்கினோம் என்று மகிழ்ந்த வீரர் சம்பளத்தால் அவர்களை முடக்கினார்.

கணக்கேட்டின் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 10 கோடிக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கிய வீரரின் விலை ஆண்டுக்கு 2 கோடியாகச் செலவில் எழுதப்படும். மூன்று ஆண்டு கழித்து அவரை 9 கோடிக்கு விற்றால் ஏட்டில் மிச்சமிருப்பது 4 கோடிதான், ஆகவே 5 கோடி லாபம். கூட்டினியோவைப் போல மலிவாக வாங்கி ஐந்தாண்டு வைத்திருந்த வீரரின் விற்பனையில் வந்தது ஏறத்தாழ முழுவதும் லாபம். ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கழகங்கள் சம்பளத்துக்கும் வீரர் விலைக்கும் முகவர் கட்டணத்துக்கும் சேர்த்து வருமானத்தில் 70 சதவீதத்துக்கு மேல் செலவிடக் கூடாது என்று ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ கொண்டுவந்திருக்கும் விதியில், வீரர் விற்பனை லாபம் வருமானப் பக்கத்தில் சேரும். விற்பதற்கான அழுத்தம் இனி கூடும், குறையாது.

ரசிகரின் மனதை நான் மறக்கவில்லை. ரோமாவில் 1993 முதல் 2017 வரை பிரான்செஸ்கோ டோட்டி ஒரே சீருடையில் ஆடினார். அவருக்கு விலை பேசி விற்றிருந்தால் ரோமா சில கோப்பைகள் கூடுதலாக வென்றிருக்கலாம், ஆனால் அந்த நகரம் தன்னை இழந்திருக்கும். அப்படிப்பட்ட வீரர்கள் எந்தக் கழகத்துக்கும் ஒரு தலைமுறைக்கு ஒருவர்தான். எல்லா நட்சத்திரத்தையும் டோட்டியாக நினைப்பதில்தான் கழகங்கள் ஏமாறுகின்றன. எம்பாப்பே பாரிஸ் பகுதியில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் அந்த மயக்கம் அங்கே இன்னும் அதிகமாக இருந்தது. மாட்ரிட்டுக்குப் போவதே சிறுவயதுக் கனவு என்பதை அவர் எங்கும் மறைத்ததில்லை.

நான் சொல்வதற்கு எதிராக முகமது சாலாவை எடுத்துக்காட்டுவார்கள், அதற்கும் பதில் சொல்ல வேண்டும். 2023 கோடையின் முடிவில் சவுதியின் அல் இத்திஹாத் அவருக்கு 15 கோடி பவுண்டு வரை கொடுக்க வந்தது. வயது 31, ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கும் குறைவு, லிவர்பூலிலேயே மிக அதிகச் சம்பளம். என் அளவுகோல்படி விற்றிருக்க வேண்டியவர் போலத் தெரியும். லிவர்பூல் மறுத்தது. 2024-25இல் அவர் லீக்கில் 29 கோல் போட்டு, 18 கோலுக்கு வழிவகுத்து, பட்டத்தைக் கொண்டுவந்தார். ஆனால் அந்த விலை எந்த நாளில் வந்தது என்று பாருங்கள். இங்கிலாந்தில் வீரர்களை வாங்கும் காலம் செப்டம்பர் 1 அன்று முடிந்தது. அந்த வாரத்தில்தான் சவுதியின் தூது வந்தது, அவர்களுக்கு மட்டும் அதன் பிறகும் ஒரு வாரம் அவகாசம் இருந்தது. விற்றிருந்தால் ஜனவரி வரை வலது முன்களத்தில் நிறுத்த லிவர்பூலிடம் நிகரான ஒருவரும் இல்லை, பணம் வங்கியில் சும்மா கிடந்திருக்கும். ஆகவே மறுத்தது சரி. அதே 15 கோடி அந்த ஆண்டு ஜூன் மாதம் வந்திருந்தால், சாலாவின் ஆட்டத்தை உயிராக நேசிப்பவனாக இருந்தும், விற்றுவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.